குளிர்ந்த மலையில் ஹேமக்கில் உறங்குவது எப்படி: கடற்கரைக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் வளர்ந்த நமக்குக் குளிர் என்பது மார்கழி அதிகாலையில் காதைத் தொடும் வாடைக் காற்று மட்டும்தான். அந்தப் பழக்கத்தோடு, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கையான ஹேமக் ஒன்றையும் இரண்டு போர்வைகளையும் எடுத்துக்கொண்டு டிசம்பரில் ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் உறங்குவதில்லை. நானும் முதல் முறை அப்படித்தான் விடிய விடிய விழித்திருந்தேன். பிறகு வந்த ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதியவர்கள் சிலரை உடன் அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்பதைப் பார்த்த பின் அமைந்த வரிசையே கீழே உள்ளது. வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது, ஏனெனில் ஒரு படியில் விட்ட பிழையை அடுத்த படியில் சரிசெய்வது இருட்டில் மிகக் கடினம்.

1. குளிர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

போர்வை தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடலின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. ஹேமக்கில் படுத்தவுடன் முதுகுக்குக் கீழுள்ள போர்வை உடல் எடையில் நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. அதற்குக் கீழே ஒரு மெல்லிய நைலான் துணி. அதற்கும் கீழே வீசிக்கொண்டே இருக்கும் குளிர்க் காற்று. தரையில் படுத்தால் மண் குளிர்ந்திருந்தாலும் அடியில் காற்று ஓடாது, ஹேமக்கில் ஓடும்.

இதனால்தான் மேலே மூன்று போர்வைகளைப் போர்த்தியவரும், "அண்ணா, முன்பக்கம் வேர்க்குது, முதுகு மட்டும் ஐஸா இருக்கு" என்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறார். நம் வீடுகளில் குழந்தைக்குத் தூளி கட்டும் பாட்டி, போர்த்துவதற்குத் துணி தேடுவதற்கு முன் அடியில் பழைய புடவையை நான்காக மடித்து விரிப்பாள். ஹேமக்கிலும் அதே வரிசைதான்: முதலில் அடி, பிறகு மேல்.

2. போகும் இடத்தின் குளிரைக் கணக்கிடுங்கள்

உயரம் 1000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கடற்கரையில் ஜனவரி இரவு 21 டிகிரி என்றால், சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 11 அல்லது 12 டிகிரியை எதிர்பார்க்கலாம். சுமார் 2240 மீட்டர் உயரமுள்ள உதகையில் இதே கணக்கு 6 அல்லது 7 டிகிரி என்று காட்டும். ஆனால் அங்கே உறைபனி விழும் இரவுகளும் உண்டு. மேகமற்ற, காற்றற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழப்பதாலும், கனத்த குளிர்க் காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குவதாலும் கணக்கு பொய்க்கிறது.

ஆகவே கணக்கில் வரும் எண்ணிலிருந்து மேலும் 5 டிகிரியைக் கழித்துக்கொண்டு, அதற்கேற்பத் தயாராகுங்கள். கூடுதலாக எடுத்துச் சென்ற கம்பளியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ளலாம். எடுத்துச் செல்லாத கம்பளியை நள்ளிரவில் எங்கும் வாங்க முடியாது.

முதல் பயணத்துக்கு உதகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏற்காடு அல்லது கொல்லிமலை போதும். காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றி இரவு தங்கக் கூடாது என்பதால், தனியார் காப்பித் தோட்டங்களில் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு தங்குவதே முறை.

3. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஹேமக் சுமார் 3.3 மீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். கடற்கரையில் பகல் பொழுதுக்குப் பயன்படும் குட்டி ஹேமக்கில் குறுக்குச் சாய்வாக, அதாவது தலை ஓர் ஓரத்திலும் கால் எதிர் ஓரத்திலுமாக, படுக்க முடியாது. அப்படிப் படுக்காவிட்டால் உடல் வாழைப்பழம்போல் வளைந்து, அடியில் குளிரைத் தடுக்கும் காப்பு எங்கும் ஒட்டாமல் போகும். இரண்டடுக்குத் துணி கொண்ட ஹேமக் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்கான காரணத்தை ஆறாம் படியில் சொல்கிறேன்.

மரத்தில் கட்டுவதற்கு ஓர் அங்குல அகலமாவது உள்ள பாலியஸ்டர் பட்டை நாடா வேண்டும். நம் ஊரில் மீன்பிடி வலைச் சாமான் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நைலான் கயிற்றை வாங்கிக் கட்டுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. நைலான் எடையில் நீளும். ஈரத்தில் இன்னும் நீளும். மாலையில் நாற்காலி உயரத்தில் இருந்த படுக்கை விடியற்காலையில் தரையைத் தொடும். மேலும் உருண்டைக் கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும்.

மேலே கட்ட ஹேமக்கைவிட நீளமான தார்ப்பாய், சுமார் 4 மீட்டருக்கு 3 மீட்டர், மெல்லிய கயிறுகள், ஆறு முளைகள். அடிக்காப்புக்கு ஃபோம் விரிப்பு அல்லது ஹேமக்குக்கு வெளியே அடியில் தொங்கவிடும் அடிப்போர்வை. மேலே போர்த்த உறக்கப்பை அல்லது பாலியஸ்டர் பஞ்சு நிரப்பிய ரஜாய். இவற்றுடன் குரங்குக் குல்லா, உறங்குவதற்கென்றே தனியாகப் பாலித்தீன் பையில் கட்டிய ஓர் உலர்ந்த உடை, கசியாத மூடி கொண்ட எஃகுத் தண்ணீர்ப் புட்டி, தலையில் மாட்டும் விளக்கு. இவ்வளவுதான்.

4. ஊரிலேயே ஓர் இரவு ஒத்திகை பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்காதவர் எவரும் மலையில் பெரிய அவதிப்பட்டதை நான் பார்த்ததில்லை. "இங்கே எங்கே குளிர்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மார்கழியில் 21 டிகிரியில், காப்பு எதுவுமில்லாத ஹேமக்கில் பனியனும் லுங்கியுமாகப் படுத்துப் பாருங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு முதுகும் இடுப்பும் சில்லிட்டு எழுந்துவிடுவீர்கள். அடிக்காப்பின் குறைகளைக் கண்டுபிடிக்க அந்தக் குளிர் போதுமானது. அங்கே செய்யும் பிழைக்கு அபராதமும் இல்லை, வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

மாமரமோ வேப்பமரமோ இரண்டு கிடைத்தால் போதும். தென்னைக்கு அடியில் கட்டாதீர்கள். காய்க்கும் மட்டைக்கும் இரவு பகல் தெரியாது. சவுக்குத் தோப்பு பார்க்க அழகாக இருந்தாலும், நெருக்கமாக நட்ட மெல்லிய மரங்கள் ஆள் எடையில் வளையும், நட்டவருக்கும் கோபம் வரும். முந்திரி மரம் தாழக் கிளைப்பதால் தார்ப்பாய் விரிக்க இடமிருக்காது.

ஒத்திகையின்போது எல்லாவற்றையும் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிப் பழகுங்கள். மலையில் ஆறரை மணிக்கே இருட்டிவிடும். பேருந்து தாமதமானால் கைகள்தான் கண்கள்.

5. இடத்தையும் மரத்தையும் தேர்ந்தெடுத்தல்

பள்ளத்தின் அடியிலும் ஓடைக் கரையிலும் குளிர்க் காற்று தேங்கும். முகட்டில் காற்று வீசும். இவ்விரண்டுக்கும் நடுவே, சரிவின் இடைப்பகுதியில், காற்று வரும் பக்கத்தில் புதரோ பாறையோ மறைப்பாக உள்ள இடத்தைத் தேடுங்கள். தலைக்கு மேல் இலைக் கூரை இருந்தால் வானத்துக்கு இழக்கும் வெப்பம் குறையும், பனியும் குறைவாக விழும்.

மரங்களுக்கு இடையே 4 முதல் 5 மீட்டர் இடைவெளி, அடிமரம் தொடையைவிடப் பருமன் என்பது என் அளவுகோல். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரங்கள் நேராக இருப்பதால் கட்ட வசதியானவை, ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கொடியின் மேல் நாடாவைச் சுற்றினால் அது நசுங்கிப் பட்டுப்போகும். அடுத்த முறை உங்களை யாரும் உள்ளே விடமாட்டார்கள். கொடி ஏறாத மரத்தைக் கேட்டுப் பெறுங்கள். கட்டும் முன் ஒருமுறை அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை ஏதும் தலைக்கு மேல் தொங்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

6. கட்டும் வரிசை: தார்ப்பாய், ஹேமக், அடிக்காப்பு

தார்ப்பாய் முதலில். மலையில் மாலைப் பனியும் தூறலும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஈரமான போர்வையை இரவில் உலர்த்த வழியில்லை. காற்று வரும் பக்கத்தின் விளிம்பை முழங்காலுக்கும் கீழே இறக்கிக் கட்டுங்கள், மறுபக்கத்தைச் சற்று உயர்த்தி விடுங்கள். நான்கு பக்கமும் இறுக மூடினால் மூச்சிலுள்ள ஈரம் தார்ப்பாயின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும்.

அடுத்து ஹேமக். நாடா கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் இறங்க வேண்டும். புதியவர்கள் தொய்வில்லாமல் விறைப்பாகக் கட்டினால்தான் சமமாகப் படுக்கலாம் என்று நினைக்கிறார்கள்; நடப்பது நேர்மாறு. 70 கிலோ எடையுள்ளவர் 30 டிகிரியில் படுத்தால் ஒவ்வொரு நாடாவிலும் விழும் இழுவிசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். 10 டிகிரியில் அதுவே 200 கிலோவைத் தொடும். நாடா அறுவது ஒருபுறம் இருக்க, விறைத்த துணி தோள்களை இரண்டு பக்கமும் நெருக்கி, போர்வையை நசுக்கிவிடும். இரு முனைகளுக்கும் இடையே ஹேமக் நீளத்தில் 83 விழுக்காடு அளவுக்கு, அதாவது 3.3 மீட்டர் ஹேமக்குக்கு சுமார் 2.75 மீட்டருக்கு, நீளாத ஒரு மெல்லிய கயிற்றை நிரந்தரமாகக் கட்டிவிட்டால், எந்த மரத்தில் கட்டினாலும் அதே தொய்வு கிடைக்கும். உட்கார்ந்தால் நாற்காலி உயரம் இருக்கட்டும். கால் பக்க நாடாவைத் தலைப் பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்துங்கள். இல்லையேல் இரவு முழுவதும் கால் பக்கம் வழுக்கிக்கொண்டே போவீர்கள்.

மரத்தில் சுற்றிய நாடாவிலிருந்து ஒரு சிறு நூல் துண்டைத் தொங்கவிட மறக்காதீர்கள். அடிமரத்தில் வழியும் மழைநீர் நாடா வழியே படுக்கைக்கு வரும்போது, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு தரையில் சொட்டிவிடும்.

மூன்றாவது, அடிக்காப்பு. இந்த வழிகாட்டியில் ஒரு படியைத்தான் முழுதாகச் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். இதில் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி ஃபோம் விரிப்பு. உடல் எடையில் அதிகம் நசுங்காத, மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் வேண்டும். கனமான யோகா விரிப்பைவிட, கையில் எடுத்தால் எடையே தெரியாத ஈ.வி.ஏ. ஃபோம் நல்லது. என் அனுபவத்தில் 12 மில்லிமீட்டர் தடிமன் ஏற்காட்டுக்குப் போதும். அதைவிட உயரமான இடத்துக்கு இரண்டு அடுக்கு போடுகிறேன். ஆனால் விரிப்பு சுமார் 60 சென்டிமீட்டர் அகலம்தான். ஹேமக் துணியோ தோள்களைச் சுற்றி மேலே வருகிறது. எனவே தோள் இரண்டும் விரிப்புக்கு வெளியே நின்று குளிரும். பழைய விரிப்பொன்றிலிருந்து ஒரு மீட்டர் நீளத் துண்டை வெட்டி, தோள் வரும் இடத்தில் குறுக்கே போடுங்கள், சிலுவைபோல அமையும். இரண்டடுக்கு ஹேமக் என்றால் விரிப்பை அடுக்குகளுக்கு நடுவே செருகிவிடலாம், புரண்டாலும் நகராது. ஓரடுக்கு ஹேமக்கில் அது நழுவிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒரு பழைய பருத்திப் போர்வையை உறைபோலத் தைத்து அதற்குள் நுழைத்துக்கொண்டால் சற்றுப் பிடிமானம் கிடைக்கும். விரிப்பையும் நீங்கள் படுக்கும் குறுக்குச் சாய்விலேயே வையுங்கள், நடுக்கோட்டில் அல்ல.

இரண்டாம் வழி அடிப்போர்வை. இதை ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடுவதால் உடல் எடை அதன்மேல் விழுவதில்லை. இழைகள் உப்பியபடியே இருக்கின்றன. கடையில் வாங்கினால் விலை அதிகம். நான் பயன்படுத்துவது, ஒற்றைக் கட்டில் அளவிலான பாலியஸ்டர் பஞ்சு ரஜாயைத் தையற்காரரிடம் கொடுத்து நீண்ட விளிம்புகள் இரண்டிலும் பாவாடை நாடா கோக்கும் மடிப்புபோலத் தைத்து வாங்கியது. அந்த மடிப்புகளில், பைக் கேரியரில் சாமான் கட்டுவதைப் போன்ற, ஆனால் மெல்லிய ரப்பர் கயிற்றைக் கோத்து, ஹேமக்கின் இரு முனைகளிலும் மாட்டுகிறேன். தலை, கால் பக்கங்களைச் சுருக்கிக் கட்ட வேறொரு நாடா. இலவம் பஞ்சு ரஜாய் வேண்டாம். நாளடைவில் ஒரு பக்கமாகத் திரளும்.

அடிப்போர்வையைக் கட்டுவது எளிது, சரியாகப் பொருத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஹேமக்கில் ஏறிப் படுத்துக்கொண்டு, நண்பரைக் கீழிருந்து போர்வையின் மேல் உள்ளங்கையை வைத்து இடுப்பு, முதுகு, தோள் என்று மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். தொட்டவுடனே முதுகில் உணர்ந்தால் சரி. அவர் கை சிறிது தூரம் வெறுமையில் மேலே வந்த பிறகே உணர்ந்தால், அங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. குளிர்க் காற்று அதில் புகுந்து ஓடும். கயிற்றை இரண்டு விரற்கடை இறுக்கி மறுபடி பாருங்கள். அதற்காக மேலும் மேலும் இறுக்கினால் போர்வை நசுங்கி, பழைய கதைக்கே திரும்பிவிடும். வழக்கமாக இடைவெளி விழுவது இடுப்புக்குச் சற்று மேலே, முதுகு வளையும் இடத்தில்தான். இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முனைகளை இறுகச் சுருக்கி மூடவும் மறக்காதீர்கள். திறந்த முனை புகைபோக்கிபோல வேலை செய்யும்.

7. உடையும் மேற்போர்வையும்

மலையேறி வியர்த்த பனியனோடு படுக்காதீர்கள். ஈரமான பருத்தி, உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே உலர்கிறது. உறங்குவதற்கென்று கட்டி வைத்த உலர்ந்த உடையை, குளிர் இறங்குவதற்கு முன்பே, மாலை ஆறு மணிக்கே மாற்றிக்கொள்ளுங்கள். காலுறை தளர்வாக இருக்கட்டும். இரண்டு ஜோடியைத் திணித்து மாட்டினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் குளிரும்.

மேற்போர்வையைச் சுற்றி முதுகுக்கு அடியில் செருக வேண்டியதில்லை, அங்கே போவது நசுங்கி வீணாகும். பக்கங்களை மட்டும் உடலையொட்டி ஒதுக்கி, கால் பக்கத்தைப் பைபோல மடித்துக் கட்டுங்கள். போர்வைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சுவிடுவதும் தவறு. மூச்சின் ஈரம் போர்வையில் இறங்கி விடியற்காலையில் நனைந்திருக்கும். முகத்தை வெளியே விட்டு, குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். ஊரில் கேலிக்குரிய அந்தக் குல்லாவுக்கு மலையில் பெரிய மரியாதை உண்டு.

8. படுக்கும் முன் அரை மணி நேரம்

வெப்பத்தை உண்டாக்குவது உடல்தான். எனவே வயிறு காலியாகப் படுக்காதீர்கள். நெய் ஊற்றிய பொங்கலோ, கடலை மிட்டாயோ, கொழுப்பும் மாவும் கலந்த எதுவும் நல்லது. பிறகு பத்து நிமிடம் வேகமாக நடந்து, வியர்வை வருமுன் நிறுத்துங்கள். சிறுநீர் கழித்துவிட்டு ஏறுங்கள்.

எஃகுப் புட்டியில் கொதி ஆறிய வெந்நீரை நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்துக் கசிவு பார்த்து, ஒரு காலுறைக்குள் போட்டு, ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே போர்வைக்குள் வையுங்கள். படுத்த பின் அதைத் தொடைகளுக்கு நடுவே வைத்தால் பெரிய இரத்தக் குழாய்கள் வழியே சூடு பரவும். வெற்றுத் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி நண்பர்கள் கோபிக்கக் கூடாது: குளிருக்கு மது உதவாது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு ஏறியதுபோலத் தோன்றும். உண்மையில் உடலின் உள்வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

ஹேமக்குக்கு அடியில் தணல் சட்டி வைப்பது அதைவிட ஆபத்தானது. ஒரு பொறி பட்டாலே நைலான் உருகும். தாழக் கட்டிய தார்ப்பாய்க்குள் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அந்த வாயுவுக்கு மணமில்லை, உறங்குபவர் எழுவதுமில்லை.

9. நள்ளிரவில் குளிர்ந்தால் என்ன செய்வது

குளிரோடு மல்லாடிக்கொண்டு படுத்திருக்காதீர்கள். எந்த இடம் குளிர்கிறது என்று கவனியுங்கள். முதுகில் பட்டையாகக் குளிர்ந்தால் அடிப்போர்வையில் இடைவெளி விழுந்திருக்கிறது. முழு முதுகும் குளிர்ந்தால் போர்வை அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது இரவுக்கு அது போதவில்லை. கையிலுள்ள சாக்கு, மழைக்கோட்டு, மாற்றுத்துணி எதையும் ஹேமக்குக்கும் அடிப்போர்வைக்கும் நடுவே செருகலாம். தோள் குளிர்ந்தால் குறுக்கே போட்ட துண்டு நகர்ந்திருக்கும். கால் மட்டும் குளிர்ந்தால் காலுறை இறுகியிருக்கலாம், அல்லது பசியாக இருக்கலாம். எழுந்து இரண்டையும் தீர்த்துவிட்டு வாருங்கள்.

ஒருவர் அடக்க முடியாமல் நடுங்கினால், பேச்சு குழறினால், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினால், அது சாதாரணக் குளிரல்ல. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியிருக்கலாம். அவரைக் கட்டடத்துக்குள் கொண்டுபோய், ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியில் சுற்றி, தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 108 எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம். நடுக்கம் தானாக நின்று அவர் மந்தமானால் அது குணமல்ல, நிலைமை மோசமாகிறது என்று பொருள்.

10. காலையிலும் ஊர் திரும்பிய பின்னும்

கழற்றும் வரிசை கட்டிய வரிசைக்குத் தலைகீழ்: தார்ப்பாய் கடைசி. போர்வைகள் உலர்ந்ததுபோலத் தெரிந்தாலும் இரவின் வியர்வை ஈரம் உள்ளே இருக்கும். வெயில் ஏறியதும் ஹேமக்கின் மேலேயே விரித்து அரை மணி நேரம் காய வையுங்கள். இரண்டாம் இரவும் தங்குவதாக இருந்தால் இது மிக அவசியம், ஏனெனில் ஈரம் ஏறிய போர்வை முதல் இரவைப்போல உப்பாது.

கடற்கரையின் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால், ஊர் வந்ததும் எல்லாவற்றையும் மொட்டை மாடியில் ஒரு முழுப் பகல் காய வைத்த பிறகே எடுத்து வையுங்கள். என் முதல் அடிப்போர்வையை அப்படியே உறையில் திணித்து அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். ஐப்பசி மழை முடிந்து எடுத்தபோது கரும்புள்ளிப் பூஞ்சணம் பூத்திருந்தது. அதோடு, மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த பஞ்சு பழைய உப்பலுக்குத் திரும்பவேயில்லை. இப்போது அதைப் பெரிய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, பீரோவின் மேல் வைத்திருக்கிறேன்; சிறிய உறைக்குள் திணிப்பது பயணத்தன்று காலையில் மட்டும்தான்.